ஜட்கா தாயம்மா வாங்கிய ரிவால்வர்

ரோச் துரையின் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்த அன்று, பூந்தமல்லி ஜட்கா ஸ்டாண்டில் குதிரைகள் மட்டும்தான் நின்றன. வண்டிக்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். துரை ரயில்வேயில் கார்டாக இருந்து பென்ஷன் வாங்கியவர். பெண்டாட்டி முன்னமே போய்ச் சேர்ந்தாள், மகன் ஆஸ்திரேலியாவில். துரையும் கண்ணை மூடிய பிறகு, கட்டில், நிலைக்கண்ணாடி, பீங்கான் தட்டு, கிளிக்கூண்டு எல்லாவற்றையும் மாமரத்தடியில் பரப்பிவிட்டு, பட்டணத்திலிருந்து வந்த ஏலக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநான்காம் வருஷத்துச் சங்கதி.

கடைசியாக ஒரு மரப்பெட்டி வந்தது. மூடியைத் திறந்தார். உள்ளே பச்சைத் துணி ஒட்டிய பள்ளத்தில், குழல் நீண்ட ஒரு ரிவால்வர் படுத்திருந்தது. பின்னால் நின்றவர்கள் எக்கிப் பார்த்தார்கள்.

"ஆளைச் சுடற சமாச்சாரம் இல்லை இது" என்றார் ஏலக்காரர். "குறி பழகறதுக்குன்னே செய்தது. அமெரிக்காவில் செய்து அரை நூற்றாண்டு ஆச்சு. இதுக்கு வேண்டியது சுண்டுவிரல் நகம் அளவுத் தோட்டா. தோட்டாவோட விளிம்பில் தட்டினா வெடிக்கும். சத்தமும் கம்மி, உதையும் கம்மி."

"கொசு சுடலாம்" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

அரிசி மில் முதலாளி ஒருவர், பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானாக இருக்கட்டும் என்று, ஒரு தொகை சொன்னார். அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை. ஏலக்காரர் சுத்தியலை ஓங்கியபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் அதற்குமேல் ஒரு தொகை சொன்னது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பில் சாட்டையோடு, தாயம்மா நின்றிருந்தாள்.

ஆவடி ரயிலடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஜட்கா ஓட்டிப் பிழைத்த ஒரே பெண்பிள்ளை அவள்தான். புருஷன் தசரதன் காலராவில் போனபோது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை, பிள்ளைகுட்டியும் இல்லை. வீட்டில் இரண்டு வண்டி, இரண்டு குதிரை. ஒன்றைத் தசரதனின் தம்பி திருவேங்கடம் ஓட்டினான். மற்றதை விற்றுவிடலாம், அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவன் ஏற்பாடு செய்திருந்தான். வாங்குகிறவன் வந்து நின்ற அன்று காலையில் லாயத்தில் செவலைக் குதிரையும் இல்லை, வண்டியும் இல்லை. அண்ணி ஆவடி ரயிலடியில் சவாரிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

துப்பாக்கி ஆசை அதற்கும் முந்தியது. தசரதன் இருந்தபோது ஒரு மார்கழியில் அவளைப் பட்டணத்துக் கண்காட்சிக்குக் கூட்டிப் போனான். அங்கே காற்றுத் துப்பாக்கியால் பீங்கான் குழாய்களை உடைக்கிற கடை ஒன்று இருந்தது. தசரதன் சுட்டதெல்லாம் படுதாவில் போய் விழுந்தது. "நீ சுடு, பாக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே நீட்டினான். அவள் வரிசையாக உடைத்துக்கொண்டே போனாள். அவன் வாய் பிளந்து பார்த்தான். அவளுக்கோ அவன் நின்றதே தெரியவில்லை. பேண்டு வாத்தியம், ராட்டினத்துக் கூச்சல், கூட்டத்தின் இரைச்சல் எல்லாம் எங்கோ போய், துப்பாக்கி முனையின் முள்ளும் எதிரே ஒரு குழாயும் மட்டும் மிஞ்சின. அது எப்படி இருந்தது என்று பின்னாளில் யார் கேட்டாலும் அவள் சொன்னது இவ்வளவுதான்: "உள்ள கம்முனு ஆயிடுது."

தசரதன் போன பிறகும் மார்கழி தவறாமல் தனியாகப் போய்வந்தாள். ஒரு வருஷம் அந்தக் கடைக்காரன் அவளைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டான். "உனுக்கு இல்லம்மே. நானு பொயைக்க வேணாமா?"

ரோச் துரை சனிக்கிழமைகளில் பெரம்பூர்ப் பழைய கூட்டாளிகளோடு குடித்துவிட்டு மத்தியான ரயிலில் ஆவடியில் இறங்குவார். அவரைப் பங்களாவில் கொண்டு சேர்ப்பது தாயம்மாவின் வண்டி. வந்த கையோடு பின்தோட்டத்தில் பிஸ்கட் டின்களை அடுக்கிவைத்துச் சுடுவார். ஒரு நாள் கூலிக்குக் காத்து நின்றவள், "ஒண்ணு நானு சுடட்டா, தொரே?" என்று கேட்டுவிட்டாள். துரை அன்று நல்ல போதை. கொடுத்தார். டின் எகிறி விழுந்தது. அதற்குப் பிறகு வாராவாரம் அவளுக்கும் கொஞ்சம் தோட்டா கிடைத்தது. பிரியம் ஒன்றும் இல்லை. அவர் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. டின் விழுவதைப் பார்க்க வேண்டும், யார் சுட்டால் என்ன என்கிற நிலைக்கு வந்திருந்தார். கடைசிவரை அவளை "ஜட்கா" என்றுதான் கூப்பிட்டார். பேர் என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர்தான் இப்போது இல்லை. துப்பாக்கி அவள் பேரில் விழுந்தது.

ஆனால் கைக்கு வரவில்லை. வாங்கியவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும், அதுவரை பெட்டி போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும், கெடுவுக்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் சர்க்காருக்கே போய்விடும் என்று ஏலக்காரர் சொல்லிவிட்டார். பூந்தமல்லி ஸ்டேஷன் ஏட்டு கோதண்டம் பெட்டியை வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இந்தாம்மே தாயம்மா, இன்னாத்துக்கு உனுக்கு இந்த வேல? லைசென்ஸ்னா மிராசுதாருக்கு, துரைக்கு, பெரிய மன்சனுக்குக் குடுக்கறது."

"குடுக்க மாட்டேன்னு சட்டத்துல போட்டுக் கீதா ஏட்டய்யா?"

"போடல."

"அப்ப மனு எய்தணும். எங்க எய்தறாங்க?"

சைதாப்பேட்டையில், டிப்டி கலெக்டர் ஆபீஸில் என்றார் கோதண்டம்.

அவள் ஸ்டாண்டுக்குத் திரும்பி வருமுன் சங்கதி வந்துவிட்டது. திருவேங்கடம் வண்டிக்கு முன்னால் வந்து செவலையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான். சுற்றி மற்ற வண்டிக்காரர்கள்.

"அண்ணி, நீ வண்டி ஓட்ற, நாலு பேரு நாலு விதமா பேசறான். சரி, வயித்துப் பொயப்புன்னு நானும் கம்முனு கீறேன். இப்ப துப்பாக்கியா? யார சுடப்போற?"

"யாரயும் இல்ல."

"பின்ன?"

"டின்னு."

வண்டிக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். திருவேங்கடத்துக்கு முகம் சிவந்தது. "எங்கண்ணன் சம்பாரிச்ச காசு" என்றான்.

"உங்கண்ணன் செத்து எத்தினி வருசம் ஆச்சி? அவுரு வச்சிட்டுப் போனது ஒரு நொண்டி வண்டி. மிச்சம் நானு ஓட்டி சம்பாரிச்சது. கையெடுடா கடிவாளத்திலேர்ந்து."

அவன் எடுக்கவில்லை. அவள் சாட்டையைத் தொடவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. நாக்கைச் சொடுக்கினாள். செவலை நடக்க ஆரம்பித்தது. நாலு அடி கூடவே ஓடிவிட்டு அவனாகவே விட்டான்.

மனு எழுத ஒரு வக்கீல் குமாஸ்தா கிடைத்தார். காரணம் என்ன எழுத வேண்டும் என்று கேட்டதற்கு, குறி பார்த்துச் சுட என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தற்காப்பு என்று எழுதலாமே என்றார். "நானு சொன்னத எய்துங்க" என்று நின்றாள். எழுதினார்.

சில வாரம் கழித்துக் கூப்பிட்டனுப்பினார்கள். விடியலில் வண்டி கட்டி, போரூர் வழியாகப் பரங்கிமலை சுற்றிச் சைதாப்பேட்டைக்குப் போனாள். கலெக்டர் கச்சேரித் தோட்டத்து ஆலமரத்தில் செவலையைக் கட்டிவிட்டு வராந்தாவில் நின்றாள். உச்சிவேளைக்குக் கூப்பிட்டார்கள். டிப்டி கலெக்டர் நடுவயசுக்காரர், தங்க ஃபிரேம் மூக்குக்கண்ணாடி. மனுவைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. உதவி செய்கிற குரலில்தான் பேசினார்.

"இதுல காரணம் சரியா இல்லையேம்மா. உனக்கு நிலம் இருக்கா? பயிரைப் பன்னி அழிக்குதுன்னு எழுது, பார்க்கலாம்."

"எங்கிட்ட பயிரும் இல்ல, பன்னியும் இல்ல தொரே."

"சரி, தனியாப் பெண்பிள்ளை வண்டி ஓட்டறே. வழியில திருடன், போக்கிரி…"

"அதுக்கு சாட்டை கீது."

குமாஸ்தா ஒருவர் இருமுகிற மாதிரி சிரித்தார். டிப்டி கலெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ நிஜமா எதுக்கு வேணும்?"

"குறி பாத்து சுட. தூரத்துல டின்ன வச்சி, அத்த சாய்க்கணும். அதுக்குத்தான்."

"வேடிக்கைக்கா?"

"ஆமா."

"வேடிக்கைக்கு வேணும்னா சர்க்கார் லைசென்ஸ் கொடுக்குமா?"

"ரோச் தொரைக்கு வேடிக்கைக்குத்தானே குடுத்தாங்க? அவுரு எந்தப் பயிர காப்பாத்தினாரு?"

விசாரணைக்குப் பூந்தமல்லி ஸ்டேஷனுக்கு அனுப்பியிருக்கிறது, அறிக்கை வரட்டும் என்று அவளைப் போகச் சொல்லிவிட்டார்.

அறிக்கை எழுத வேண்டியவர் ஏட்டு கோதண்டம். அவர் மாமூலை எதிர்பார்த்தார், தாயம்மா கொடுக்கவில்லை. அவர் திருவேங்கடத்தைக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார். அண்ணி முன்கோபி, ஆவடி ரயிலடியில் ஒருவனைச் சாட்டையால் அடித்திருக்கிறாள், துப்பாக்கி கொடுத்தால் கொலை விழும் என்று அவன் சொன்னதெல்லாம் அதில் ஏறியது.

அதோடு திருவேங்கடம் விடவில்லை. ஆவடி ஸ்டாண்டில் வண்டிகள் முறைப்படிதான் சவாரி ஏற்றும். தாயம்மாவின் முறை வரும்போது முன்னால் இருந்தவனும் நகரமாட்டான், பின்னால் இருந்தவனும் வழிவிடமாட்டான். சவாரி வந்தால், "அந்த வண்டியில ஏறாதீங்க சாமி, அது துப்பாக்கிக்காரி வண்டி" என்பார்கள். மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டால் முறை கிடைக்கும் என்று ஒருவன் மூலம் சொல்லியும் அனுப்பினார்கள். சொல்ல வந்தவனிடம் அவள், "முறைய அவங்களே வச்சிக்கச் சொல்லு. ஆவடி ரோடு அவுங்கப்பன் ஊட்டு ரோடு இல்ல" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர அந்த மாதம் கஷ்டமாகத்தான் போனது. தனக்குக் கூழ், செவலைக்குக் கொள்ளு என்று நாள் ஓடியது. அப்போதுதான் பாரிவாக்கத்துக் கன்னியம்மாள் வந்தாள். மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவள். வாயும் கையும் வேகம். பறித்த பூவைக் கட்டை வண்டியில் போட்டு வானகரம் தாண்டிப் பட்டணத்துக்குக் கொண்டுபோவதற்குள் பாதி வாடிவிடுகிறது என்பது அவள் வெகுநாள் குறை.

"யக்கா, உன் குதிர சும்மாத்தானே நிக்குது? என் பூவ ஏத்து."

"ஸ்டாண்டுல உன்னயும் பேசுவாங்கடி."

"பேசட்டும். துப்பாக்கிக்காரி ஏத்திகினு வந்த பூன்னு சாமி வேணாம்னு சொல்லிடுமா?"

கன்னியம்மாளைப் பார்த்து இன்னும் இரண்டு தோட்டக்காரிகள் சேர்ந்தார்கள். ரயிலடிச் சவாரியைவிட இது நிலையான வேலை. வண்டி முழுக்க ஈரத்துணி சுற்றிய கூடைகளை வைத்துக்கொண்டு தாயம்மா ஸ்டாண்டைக் கடக்கும்போது, வேண்டுமென்றே செவலையை நடையில் விட்டுக்கொண்டு போவாள்.

இரண்டாம் தடவை சைதாப்பேட்டைக்குக் கன்னியம்மாளும் கூட வந்தாள். டிப்டி கலெக்டர் முன்னால் அறிக்கை திறந்து கிடந்தது. இந்தத் தடவை உதவி செய்கிற குரல் இல்லை.

"ஆவடி ஸ்டேஷன்ல ஒருத்தனை அடிச்சியா?"

"அடிச்சேன்."

"ஏன்?"

"என் குதிர கண்ணுல குச்சியால குத்தினான்."

"அதுக்குச் சாட்டையால அடிப்பியா? அன்னிக்குக் கையில துப்பாக்கி இருந்திருந்தா?"

"தொரே, கையில சாட்ட இருந்திச்சி, எனுக்குக் கோவமும் இருந்திச்சி. நானு போட்டது ஒரே அடி, முதுவுல. ரெண்டாவது போட்டேனான்னு அவனயே கூப்ட்டுக் கேளுங்க. கைய எங்க நிறுத்தணும்னு எனுக்குத் தெரியும்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவள் கண்ணில் ஏதோ தேடுகிற மாதிரி பார்த்தார். பிறகு, "நீ நல்லாச் சுடுவேன்னு சொல்றாங்களே. இங்கே போலீஸ் மைதானம் இருக்கு. சுட்டுக் காட்டறியா?" என்றார்.

குமாஸ்தாக்கள் தலைதூக்கினார்கள். கன்னியம்மாள் தாயம்மாவின் முழங்கையைக் கிள்ளினாள். காட்டு, காட்டு என்று அர்த்தம். தாயம்மா அசையவில்லை.

"மாட்டேன்."

"ஏன், பயமா?"

"மில்லு மொதலாளி லைசென்ஸ் வாங்கறப்ப சுட்டுக் காட்டச் சொன்னீங்களா? மிராசுதாரு மவன் வாங்கறப்ப? அவுங்கள கேக்காதத என்ன ஏன் கேக்கறீங்க? நானு சர்க்கஸ்காரி இல்ல தொரே. மனு குடுத்துக் கீறேன். உண்டா இல்லையான்னு சொல்லுங்க."

டிப்டி கலெக்டரின் காது மடல் சிவந்தது. "போகலாம்" என்றார்.

திரும்பி வரும் வழி முழுக்கக் கன்னியம்மாள் திட்டிக்கொண்டே வந்தாள். "ஒரு டின்ன சாய்ச்சிக் காட்டினா இன்னா கொறஞ்சி போயிடும்? கெடச்சிருக்கும் யக்கா! வாய வச்சிகினு கம்முனு இருந்திருக்கலாம்." தாயம்மா போரூர் வரைக்கும் குதிரையை விரட்டிக்கொண்டே வந்தாள். உள்ளுக்குள் அவளுக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்டி சர்க்காருக்குப் போனால் அந்த மாதிரி இன்னொன்று இந்தப் பக்கம் வராது. போரூர் ஏரிக்கரையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டும்போது, முகத்தைக் கழுவுகிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, "காட்டியிருந்தா அது நானு வாங்கினது இல்லடி. அவுரு குடுத்த பிச்ச" என்றாள்.

ஆனால் லைசென்ஸ் வந்தது. ஏட்டு கோதண்டமே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஸ்டேஷனுக்குப் போனபோது பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார். காகிதத்தை விரித்து அவளுக்காகப் படித்துச் சொன்னார். அவள் பேர், புருஷன் பேர், ஊர், ஒரு ரிவால்வர், வருஷத்துக்கு இவ்வளவு தோட்டா. "காரணம், பயிர்ப் பாதுகாப்பு. கையெய்த்து, முத்திர எல்லாம் கீது. கெட்டிக்காரிதாம்மே நீ."

மூடியைத் திறந்தார். பச்சைத் துணியில் அதே இடத்தில் அதே சாய்வில் ரிவால்வர் கிடந்தது. தாயம்மா கையை நீட்டினாள். தொடுவதற்கு ஒரு விரல்கடை இருக்கும்போது கை நின்றது.

"இன்னா போட்டுக் கீதுன்னீங்க?"

"பயிர்ப் பாதுகாப்பு."

"நானு அப்படிச் சொல்லலயே."

"நீ சொன்னா இன்னா, சொல்லாட்டி இன்னா? ஏதோ ஒண்ணு போடணும், போட்டுட்டாங்க. எடுத்துகினு போ."

"மூடுங்க ஏட்டய்யா" என்றாள் தாயம்மா.

அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அன்று பூந்தமல்லி முழுக்கப் பேச்சு. கன்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் மறுநாள் விடியலில் அவளும் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

டிப்டி கலெக்டர் காகிதத்தைப் பார்த்ததும் நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தார். சங்கதி தெரிந்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"உனக்கு நல்லது பண்ணணும்னுதான் அப்படி எழுதச் சொன்னேன். புரியுதா?"

"புரியுது தொரே. ஆனா எங்கிட்ட ஒரு சாண் நெலம் கெடையாது. நாளைக்கு என் கொயுந்தன் வந்து, 'பயிர் எங்க, காட்டு'ன்னு எய்திப் போட்டா, பொய் சொன்னவளா நானுதான் வந்து நிக்கணும். நானு சொல்லாத பொய்க்கு நானு ஏன் நிக்கணும்?"

"இதை இப்போ நான் வாங்கி வெச்சுக்கிட்டா, மறுபடி கையெழுத்துப் போடுவேன்னு என்ன நிச்சயம்?"

"ஒரு நிச்சயமும் இல்ல."

"அப்புறம்?"

"அப்பால மறுபடியும் வருவேன்."

அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "எங்கே சுடுவே? நடுத்தெருவிலயா?"

தாயம்மா வாயைத் திறக்குமுன் வாசல்படியிலிருந்து கன்னியம்மாளின் குரல் வந்தது. "எங்க தோட்டத்துப் பின்னால பழைய செங்கல் சூளைப் பள்ளம் கீதுங்க எஜமான். மூணு பக்கமும் ஆளு ஒசரத்துக்கு மண்ணுமேடு. குண்டு இல்ல, கோழிகூட வெளிய போவாது."

டிப்டி கலெக்டர் வெகுநாளைக்கு அப்புறம் சிரிக்கிற மாதிரி சிரித்தார். பேனாவைத் தோய்த்து, பயிர்ப் பாதுகாப்பை அடித்து, மேலே இங்கிலீஷில் இரண்டு வார்த்தை எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டார். சுடுகிற இடம் பாரிவாக்கம் சூளைப் பள்ளம் என்று கீழே ஒரு வரி. "குறி பழக" என்று போட்டிருக்கிறது என்று குமாஸ்தா படித்துச் சொல்லும்வரை தாயம்மா கையை நீட்டவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை பாரிவாக்கமே பள்ளத்தின் விளிம்பில் நின்றது. பூந்தமல்லியிலிருந்து வண்டிக்காரர்களும் வந்திருந்தார்கள். திருவேங்கடம் தள்ளி ஒரு பனைமரத்தடியில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். தாயம்மா டின்களை மண்மேட்டில் வரிசையாக வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் நடந்துவந்தாள். உருளையில் தோட்டாக்களைப் போட்டாள். கையை நீட்டினாள்.

முதல் குண்டு மண்ணில் பாய்ந்தது. இரண்டாவதும் அப்படியே. விளிம்பில் சிரிப்பு கிளம்பியது. "இதுக்குத்தானா சைதாப்பேட்ட, சைதாப்பேட்டன்னு அலஞ்சா?" என்றான் ஒருவன். அவள் திரும்பவில்லை. இரண்டு குண்டும் டின்னுக்கு இடப்பக்கம், ஒரே இடத்தில் மண்ணைக் கிளப்பியிருந்தன. இத்தனை மாதம் கடிவாளம் மட்டுமே பிடித்த கை, விசையை இழுக்கும்போது கொஞ்சம் திருப்பிவிட்டது. கையைத் தொங்கவிட்டு ஒரு மூச்சு இழுத்தாள். மறுபடி நீட்டினாள். சிரிப்பு, பனையோலைச் சலசலப்பு, கன்னியம்மாள் முணுமுணுத்த அம்மன் பேர் எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கின.

டின் துள்ளி விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. நிறுத்தி, தோட்டா போட்டு, மறுபடி சுட்டாள். வரிசை காலியானதும் அவளே நடந்துபோய் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஆளைச் சுடாத துப்பாக்கியை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? வெயில் ஏற ஏறக் கூட்டம் கரைந்தது. கடைசியில் பனைமரத்தடியிலிருந்து திருவேங்கடம் இறங்கி வந்தான்.

"சோறு போடுமா இது?"

"போடாது."

"பின்ன?"

"சோறு போடத்தான் செவலை கீதே."

அவன் காறித் துப்பிவிட்டுப் போனான். அந்த மாதமே பாகம் பிரித்துக்கொண்டு ரயிலடிப் பக்கம் குடிபோய்விட்டான். அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சுவார்த்தை, பொதுவில் விட்ட லாயத்துக் கூரைக்குக் கீற்று மாற்றுகிற சமயங்களில் மட்டும்தான். தாயம்மா அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே வருஷக்கணக்கில் போயின. பட்டணத்துத் துப்பாக்கிக் கடையில் முதல் தடவை அவளை வாசலிலேயே நிறுத்தினார்கள். காகிதத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனாள், பிறகு நிறுத்தவில்லை. அவள் எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. யாருக்கும் சுட்டுக் காட்டவும் இல்லை. பள்ளத்து விளிம்பில் வந்து நின்றவர்களை விரட்டவும் இல்லை. கன்னியம்மாளுக்கு ஒரு தடவை கொடுத்துப் பார்த்தாள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டு, ஒரு எறும்புப் புற்றை அழித்தாள். இரண்டு பேரும் அன்று சிரித்த சிரிப்பில் தோட்டத்து வேலைக்காரிகள் ஓடிவந்துவிட்டார்கள்.

ஐரோப்பாவில் சண்டை வந்ததும் தோட்டா வருவது நின்றுபோனது. கடைக்காரர் கையை விரித்தார். தாயம்மாவிடம் மிஞ்சியது ஒரு பெட்டித் தோட்டா. அதைத் தொடாமல் வைத்திருந்தாள். நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியானபோது, பூந்தமல்லி ரோடு திருவிழா மாதிரி ஆனது. கட்டை வண்டி, ஜட்கா, கைவண்டி, தலைச்சுமை. படுக்கையும் பாத்திரமும் கிழவர்களுமாக ஜனம் மேற்கே போய்க்கொண்டே இருந்தது. தாயம்மா வானகரத்துக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஓயாமல் ஓட்டினாள். மற்ற வண்டிக்காரர்கள் வாய்க்கு வந்த கூலி கேட்டபோது அவள் வழக்கமான கூலிதான் வாங்கினாள். அதற்கும் ஸ்டாண்டில் ஏசினார்கள். அது அவளுக்குப் பழகிய பாட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியை அவிழ்த்துவிட்டு மரப்பெட்டியும் தோட்டாவுமாகப் பள்ளத்துக்குக் கிளம்பினாள். வழியில் ஏட்டு கோதண்டம் எதிர்ப்பட்டார். ரிடையராகப் போகிற வயசு, உடம்பு தளர்ந்திருந்தது.

"எங்கம்மே, கடைசிப் பெட்டியா? வச்சிக்க. ஜப்பான்காரன் வந்தா ஊர்ல நாலு பேருக்கு ஒதவும்."

"இத்தினூண்டு குண்ட வச்சிகினு ஜப்பான்காரன நிறுத்தறதா? அவனுக்குப் பயந்து எடுத்து வச்சிகினு, அவன் வர்ற வரைக்கும் நானு சும்மா குந்திகினு இருக்கணுமா?"

"ஊரே ஓடுது, உனுக்கு டின்னு கேக்குது."

"ஆமா" என்றாள். நடந்தாள்.

டின்களை வைத்தாள். வெயில் மண்மேட்டில் ஏறியிருந்தது. அன்று கை ஒரு தடவைகூடத் தவறவில்லை. சத்தம் ரோடுவரைக்கும் கேட்டது. பாரிவாக்கத்து வளைவில் மூட்டைமேல் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்த பட்டணத்து அம்மாள் ஒருத்தி பதறிப்போய் வண்டியை நிறுத்தச் சொன்னாள். வேலியோரம் பூப்பறித்துக்கொண்டிருந்த கன்னியம்மாளைப் பார்த்து, "ஐயோ, வந்துட்டானா? குண்டா போடறான்?" என்று கத்தினாள்.

"அதெல்லாம் இல்லம்மா, நம்ம தாயம்மா. டின்னு சுட்றா" என்றாள் கன்னியம்மாள், கையை நிறுத்தாமல். "நீங்க பயப்படாம போங்க."